பளீல் நானா என் முகத்தில் தட்டிய பந்து

பேராதனை பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. விளையாட்டுச் சாமான் கடை பளீல் நானா மௌத்தாகிவிட்டார். மறுநிமிடம் என் நெஞ்சில் விழுந்தது துக்கமல்ல, பயம். இனி தங்கச்சி மகள் வினோதாவின் ஹெல்மெட்டை யார் பார்ப்பார்கள்?

கண்டியில் ஹொக்கி தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். மற்றவரை நானே சொல்வது அழகல்ல. என் அடியில் பந்து ஹந்தானை மலைத் தேயிலைக்குள் போய் விழுந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்குக் காலில் கவசம் உண்டு. முகத்துக்கு ஆண்டவன்தான் காவல். பிறகு சிலர் கிரிக்கெட் ஹெல்மெட்டை மாட்டினார்கள், பிறகு பிளாஸ்டிக் முகமூடி வந்தது, தலை முழுக்க மூடும் கம்பிக்கூடு கடைசியில்தான். நானா வெறும் முகத்தோடு கோலுக்கு நின்று கன்ன எலும்பை உடைத்துக்கொண்டவர். சிங்கம் மாதிரி அசையாமல் நின்றார் என்று ஊரெல்லாம் சொன்னது நான்தான்.

"சிங்கமா? பயத்துல கால் ரெண்டும் ஒட்டிக்கிட்டிச்சி. ஓட ஏலுமா இருந்தா ஓடியிருப்பேன்" என்றார், ஒரே ஒரு தடவை.

அவரிடம் ஹெல்மெட் வாங்குவது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டம். கம்பிகளுக்கிடையே பந்தை அழுத்திப் பார்ப்பார். மாட்டிக்கொண்டு தலையை உதறச் சொல்வார். அசைந்தால் விற்கமாட்டார்.

எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? வினோதா பள்ளிக்கூட அணியில் கோலுக்கு நின்றபோது, கொழும்பில் ஒரு முகமூடி வாங்கினேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஜெர்மனிச் சாமான் என்று எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடினாள். அதன்பிறகு பெருமையாக நானாவிடம் கொண்டுபோனேன்.

என்னைக் கதிரையில் உட்காரவைத்து, அதை என் முகத்திலேயே மாட்டினார். ஒரு முழத் தூரத்திலிருந்து பந்தால் தட்டினார். பல்லின் வேர்வரை வலித்தது.

"இது மெல்லத் தட்டினது, தம்பி" என்றார். "கோர்னர் அடிக்கிற நேரம் ஓடிவந்து மறிக்கிறவங்க போடுறது இது. அந்தப் புள்ள கோலுக்குள்ளயல்லவா நிக்கிறா?"

அந்த முகமூடியோடுதான் அவள் இரண்டு ஆட்டம் நின்றிருந்தாள். அன்றே கம்பிக்கூடு வைத்த ஹெல்மெட் எடுத்தோம். பாரமாக இருக்கிறது என்று வினோதா முகம் சுளித்தாள். "பாரம் பழகிடும் மகள்" என்றார் நானா.

மூன்று வருடமாகிறது. வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஆட்டம். ஜனாஸா அடக்கத்துக்குப் போய் வந்து ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தேன். தாடைப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு கோடு. வெறும் கீறலா, வெடிப்பா?

"ஒன்னுமில்லதானே மாமா? நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே" என்றாள்.

"எனக்குத் தெரியல. புதுசு வாங்குறவரைக்கும் நீ நிக்க வேணாம்" என்றேன்.

எனக்குத் தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். போகட்டும். நானாவைத் தெரிந்த உங்களில் சிலரிடம் அவர் விற்ற பந்தும் மட்டையும் இருக்கலாம். என்னிடம் இருப்பது அவருடைய பயம். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.