சிவப்புக் கோட்டு அட்டைகள்

நான் ஜக்கார்டு தறிக்கு அட்டை குத்துகிறவன்; அட்டையில் நான் போடும் துளைதான் சேலையில் டிசைனாக விழும். நான் குத்திய யாளி பார்டர் திருட்டுப்போய், முன்பின் தெரியாத ஒருவர் தறியில் ஓடியதைப் பார்த்த வாரம் அது. யாரைக் கண்டாலும் சந்தேகம்.

மெட்ராஸ் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியில் துளை போட்ட அட்டைக் கட்டு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, சிவப்புக் கோடு போட்ட அட்டைகளை மட்டும் உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்.

“எந்தத் தறிக்கு சார் இது?” என்றேன்.

“தறிக்கு இல்லப்பா, கம்ப்யூட்டருக்கு. அதுவும் துளையைப் பாத்துதான் வேலை செய்யும். ஒரே புரோகிராம் ரெண்டு ஊர் மெஷின்ல ஓடணும். சிவப்புக் கோடு போட்டது பெங்களூர் மெஷினுக்கு மட்டும். இப்ப மெட்ராஸுக்குப் போய்க்கினு இருக்கேன், அதான் எடுத்துடறேன்.”

“வேணாததை மெஷினே உட்டுடாதா?”

“நாங்க எழுதற பாஷையில அதுக்கு வழி இல்லப்பா, கையாலதான் எடுக்கணும். எடுத்தது அதுக்குத் தெரியவே தெரியாது. மிச்சம் இருக்குதே, அதுதான் முழுசுன்னு நெனைச்சுக்கும்.”

என் முகத்தில் சந்தேகத்தைப் பார்த்தவர், அட்டைக் கட்டை என்னிடமே நீட்டினார். ஒவ்வோர் அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். என் யாளி இல்லை. வெட்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு வாலாஜாபாத்தில் இறங்கினேன்.

பஸ் போன பிறகுதான் உறைத்தது. அவர் பையை நான் பார்க்கவில்லை. மிச்சத்தைக் காட்டினார், நானும் அதையே முழுசு என்று நினைத்துக்கொண்டேன்.