நினைவுத் தூணடியில் அக்காவின் குரல்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டாகிறது. அவருக்காக மன்றாடக் கூடியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், தங்கையாகிய நான் கண்ணால் கண்ட ஒரு வெற்றியைச் சொல்ல விரும்புகிறேன்.

மன்னார் பேசாலையில் கடற்றொழிலாளர் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. கோயிலில் அவர் பாடினால் ஒலிபெருக்கி தேவையில்லை. எங்களுக்கு ஒரே தம்பி. இலங்கைப் போரில் சண்டைக்குப் போன அவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. செய்தி வந்தபோது அக்கா ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகருக்கு அருகே அகதிகள் விடுதியில் இருந்தார். வாய்விட்டு அழ ஒரு தனி அறைகூட இல்லை.

பின்னர் அத்தானுடன் அங்கேயே ஒரு சிற்றூரில் குடியேறினார்; பின்னாளில் நானும் அங்கே வந்து சேர்ந்தேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஞாயிறுகளில் தமிழ்ப் பாடற்குழுவைப் பழக்கினார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு இந்த நாட்டவருக்கு ‘ஃபொல்க்ஸ்ட்ரவர்டாக்’, மக்கள் துக்க நாள். முதலாம் உலகப் போரில் மாண்ட வீரர்களுக்காகத் தொடங்கியது. ஹிட்லர் ஆட்சியில் அதைப் போரைப் புகழும் விழாவாக்கினார்கள். அந்த ஆட்சி ஒழிந்தபின், போரிலும் கொடுங்கோன்மையிலும் இறந்த எல்லோருக்குமான நாளாக அது மீண்டும் வந்தது. பூசை முடிந்து ஊரார் சதுக்கத்திலுள்ள போர் நினைவுத் தூணுக்கு நடப்பார்கள். மேயர் பேசுவார், மலர்வளையம் வைப்பார்கள், எக்காளம் ஒலிக்கையில் தொப்பிகளைக் கழற்றுவார்கள். அக்கா வருடந்தோறும் பின்வரிசையில் போய் நிற்பார்.

“தம்பிக்கெண்டு போய் நிக்க எனக்கு வேற இடமில்லையடி” என்பார்.

ஒரு வருடம், அந்த நிகழ்வில் பாடிவந்த ஜெர்மன்காரரின் ஊர்ப் பாடற்குழு கலைந்தது. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. நிகழ்வையே நிறுத்திவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு, அதை நடத்திவந்த ஹெர் போல்மன், அதாவது திரு. போல்மன் என்ற முதியவரின் வீட்டுக்குப் போனார். நாங்கள் பாடுகிறோம் என்றார்.

“இது எங்கள் துக்கம். உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று அவர் கேட்டார்.

அவருடைய தகப்பன் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவில் காணாமற்போனவர் என்பது ஊருக்கே தெரியும். அக்கா தனக்குத் தெரிந்த ஜெர்மனில் நிதானமாகச் சொன்னார்: “உங்கள் அப்பா எங்கே கிடக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. என் தம்பி எங்கே கிடக்கிறான் என்று எனக்குத் தெரியாது. வேறு என்ன தொடர்பு வேண்டும்?”

அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி எடுத்தார். பிறகு, “ஒத்திகை எப்போது?” என்றார்.

ஒத்திகையில் எங்கள் ஆட்கள் திணறினார்கள். “அக்கா, இந்த ஜெர்மன் பாட்டு வாயில வருகுதில்லை. ஏலாது!”

“வேலையில சண்டை பிடிக்கேக்க மட்டும் வருகுதுதானே? பாடுங்கோ!”

அந்த ஞாயிறு மழை தூறியது. டோர்ட்மண்ட் நகரிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்தன. சதுக்கம் நிறைந்தது. முதலில் ஜெர்மன் பாடல். பிறகு அக்கா தனியாக, தமிழில், எங்களூர்ப் புலம்பல் ஒன்றைப் பாடினார். நாற்காலிகளில் இருந்த முதியவர்கள் தடியை ஊன்றி எழுந்து நின்றார்கள். ஹெர் போல்மன் இரண்டாவது மலர்வளையம் ஒன்றை எடுத்துவந்து அக்காவிடம் நீட்டினார்.

“உங்கள் தம்பிக்கு.”

அக்கா அதைத் தூணடியில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, தம்பியின் பெயரைச் சதுக்கம் முழுவதும் கேட்கச் சொன்னார். அன்று அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நிகழ்வை நிறுத்தும் பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

புற்றுநோய் அவர் குரலைப் பறித்தபின்னும், தள்ளுநாற்காலியில் இருந்தபடி கையசைத்துக் குழுவை நடத்தினார். கிறிஸ்து பிறப்பு நாளான நத்தாருக்குப் பின் பிள்ளைகள் சூழ அமைதியாக விடைபெற்றார்.

அருகிருந்து பார்த்த தாதியருக்கும், செபித்த குருவானவருக்கும், வாசலில் சாப்பாட்டோடு வந்து நின்ற அயலவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறையில் தொப்பியைக் கழற்றி, எங்களிடம் கேட்டுப் பழகிய தமிழில் “போயிட்டு வாங்கோ, அக்கா” என்ற ஹெர் போல்மனுக்கும் நன்றி. கடந்த நவம்பரில் அக்கா இல்லாமலே பாடற்குழு பாடியது. சதுக்கத்தில் நிற்க இடமில்லை.