ஐஸ் வண்டி மணி

பெரிய போட்டிகளில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம் ஏன் வருஷத்துக்கு வருஷம் வேகமாகிக்கொண்டே போகிறது என்று அலுவலகத்தில் பேச்சு வந்தால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஷூ என்பார் ஒருவர், பயிற்சி என்பார் இன்னொருவர். இருக்கட்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு நல்ல ஷூ போட்டாலும் யாராவது ஒருவர் துணிந்து முதலில் கிளம்ப வேண்டுமே? இதைச் செஞ்சியில் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே என் கண்ணால் பார்த்துவிட்டேன். அங்கே ஓடியவர்களில் பாதிப் பேருக்கு ஷூவே கிடையாது.

எங்கள் வட்டாரப் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் அந்த ஓட்டம் அப்போதெல்லாம் சாமி ஊர்வலம் மாதிரிதான் போகும். முன்னால் போனால் களைத்துவிடுவோம் என்று எல்லோருக்கும் பயம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி மெதுவாகச் சுற்றி வருவார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் விழுந்தடித்து ஓடுவார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அந்தக் கடைசிப் பாய்ச்சலில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். என் அக்காவுக்குப் பாய்ச்சல் வராது. ஆனால் நாள் முழுக்க ஓடச் சொன்னாலும் ஓடுவாள். முந்தின வருஷம் நான்காவதாக வந்திருந்தாள்.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் நைனா கறாராகச் சொல்லிவிட்டார். "மொத ரெண்டு பேருக்குள்ள வந்தா மாவட்டப் போட்டிக்குப் போ. இல்லன்னா ஷூவ பரண் மேல போட்டுட்டு புக்க எடு. அப்பால எங்கிட்ட வந்து அழக்கூடாது."

அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் ஓட்டம் நின்றால், விடிகாலையில் சிங்கவரம் ரோட்டில் அவள் பின்னால் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும் என் ராஜாங்கமும் முடிந்துவிடுமே.

போட்டியன்று வெயில் சுள்ளென்று அடித்தது. விசில் ஊதியதும் வழக்கம்போல் ஊர்வலம் புறப்பட்டது. அக்கா நடுவில் மாட்டிக்கொண்டு ஆமை மாதிரி வந்தாள். இரண்டாவது சுற்று முடியும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே மணிச் சத்தம் கேட்டது. ஐஸ்காரர் வந்திருந்தார். எங்கள் தெருவுக்கும் அவர்தான் வருவார். அவருடைய மணியில் விரிசல் விழுந்திருந்ததால் தகரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கும்.

அவ்வளவுதான், அக்கா பிய்த்துக்கொண்டு கிளம்பினாள். அவள் பாய்ந்ததைப் பார்த்து, கடைசிச் சுற்று வந்துவிட்டதென்று மற்றவர்களும் பாய்ந்தார்கள்.

"ஏய், அது ஐஸ் வண்டிம்மா! இன்னும் மூணு ரவுண்டு இருக்குது!" என்று பி.டி. சார் கத்தினார்.

மைதானமே சிரித்தது. "இன்னாடி, உங்க அக்கா ஐஸ் வாங்கவா ஓடுது?" என்று என் வகுப்புக்காரி கேட்டாள். எனக்கு மானமே போயிற்று. மெதுவாகப் போகச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை விட்டால் பிடிக்க முடியாது என்ற பயத்தில் மற்றவர்களும் வேகத்தைக் குறைக்கவில்லை. உண்மையான மணி அடித்தபோது பாய்வதற்கு யாரிடமும் தெம்பில்லை, மேல்மலையனூர்க்காரியைத் தவிர. அவளும் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துதான் அக்காவைத் தாண்ட முடிந்தது. அக்கா இரண்டாவதாக வந்தாள்.

பி.டி. சார் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். கடைசியாக வந்தவள்கூட, போன வருஷம் முதல் பரிசு வாங்கியவளைவிடச் சீக்கிரம் வந்திருந்தாள். அதற்கடுத்த வருஷத்திலிருந்து அந்த மைதானத்தில் ஊர்வலமே இல்லை. எவள் எப்போது கிளம்புவாளோ என்ற பயத்தில் எல்லோரும் விசில் ஊதியதுமே ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில், அக்கா ஐஸ் மணிக்கு ஏமாந்துபோய் ஓடிய கதையை நைனாவிடம் நடித்துக் காட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, டிவி அலறிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என் தோளைத் தட்டினாள்.

"ஐஸ்காரர் வந்துட்டாரு. ஓடு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடிப் பார்த்தால், வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு சேமியா ஐஸ் வாங்கி வந்தேன். அந்தக் காதுக்கா மைதானத்தில் எந்த மணி எது என்று தெரியாமல் போயிருக்கும்? அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவேயில்லை. ஐஸ் உருகுவதற்குள் தின்று முடிப்பதே பெரிய வேலையாக இருந்தது.