கட்டிலை அளந்தவள்

முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்ணூறு வயதுக் கிழவர்கூட அக்கா என்பார். கைப்பக்குவம் அப்படி. இரண்டு மூன்று பேர் சேர்ந்து புரட்டவேண்டிய உடம்பை ஒருத்தியாகப் புரட்டிப் படுக்க வைப்பாள். படுத்திருப்பவருக்கு வலிக்காது, விரிப்பில் ஒரு சுருக்கம் விழாது. பிறவியிலேயே வந்த கை என்று இல்லத்தின் மேலாளரம்மா வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள். பிறவியிலும் வரவில்லை, ஒரு மண்ணிலும் வரவில்லை. தம்பியைப் புரட்டிப் புரட்டி வந்த கை அது. அந்த வேலையை அவள் ஒரு நாளும் விரும்பியதில்லை என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் நம்பமாட்டார்.

சின்ன வயதில் அவளுக்கு அடிஸ்கேல் என்று பட்டப்பெயர். வைத்தவன் தம்பி. கண்ணில் பட்டதையெல்லாம் அளப்பாள். மேசை, கதவு, படிக்கட்டு, தூங்குகிற அப்பாவின் பாதம், எதையும் விட்டுவைக்கமாட்டாள். சாலை போடுகிறவர்கள் முக்காலியின் மேல் கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால், கடைக்கு வந்த வேலையை மறந்து அங்கேயே நிற்பாள். ஒருமுறை அந்த ஆள் போனால் போகிறது என்று அவளையும் பார்க்க விட்டார். தூரத்துக் கம்பத்தில் இருந்த எண்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் அதே பேச்சுதான்.

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அப்பா கிடங்கில் மூட்டை தூக்கினார், அம்மா சலவைக்கூடத்துக்குப் போனாள், தம்பி இவள் பொறுப்பில் இருந்தான். சாய்மானம் வைத்த இரும்புக் கட்டில். ஜன்னல் அவன் தலைக்குப் பின்னால் இருந்தது, முன்னால் வெறும் சுவர். "தெருவைப் பாக்கணும்" என்று நச்சரித்துக்கொண்டே இருப்பான். அந்தச் சின்ன அறைக்குள் கட்டிலைத் திருப்ப முடியாது என்று அப்பா கையை விரித்துவிட்டார். இவள் அறையை அளந்தாள். கட்டத்தாளில் அறையை வரைந்து, அட்டையில் ஒரு குட்டிக் கட்டில் வெட்டி, அதைத் தாளின் மேல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கால் பக்கத்தைக் கதவுக்கு வெளியே கொஞ்சம் நீட்டினால் கட்டில் சுழலும் என்று தெரிந்தது. அப்படியே செய்தார்கள், சுழன்றது. தம்பி தெருவைப் பார்த்துக் கத்திய கத்தல் அடுத்த வீட்டுக்காரரை ஓடிவர வைத்தது. அவள் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம் அதுதான்.

அந்த வருஷம்தான் அவள் பள்ளிக்கூடத்தில் விருப்பப் பாதை என்று ஒன்று வந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் இனி ஒரே பாடத்தை உருப்போட வேண்டாம், அவரவருக்குப் பிடித்த வழியில் போகலாம், கடையிலோ பட்டறையிலோ மருத்துவமனையிலோ போய்க் கற்றாலும் படிப்புக்கணக்கில் சேரும் என்றார்கள். கேட்க இனிக்கத்தான் செய்தது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துப் பேச ஒரு வழிகாட்டி டீச்சர் வந்தாள். நல்ல மனுஷி. கெடுதல் நினைக்கிறவளாக இருந்திருந்தால் எதிர்த்தாவது நின்றிருக்கலாம்.

"ஸ்கூல் விட்டுப் போனா என்ன பண்ணுவே?"

"தம்பியைப் பாத்துக்குவேன் டீச்சர். குளிப்பாட்டணும், ஊட்டி விடணும், புரட்டிப் படுக்க வைக்கணும்."

"வேற?"

அவள் கட்டத்தாளை எடுத்து நீட்டினாள். "இது எங்க ரூம். கட்டிலைத் திருப்ப முடியாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வரைஞ்சு பாத்தேன், திரும்பிடுச்சு."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. தாளில் இருந்த கோணமும் அளவும் அவள் கண்ணில் படவில்லை. தம்பிதான் பட்டான். "இந்த வயசுல எவ்வளவு பாசம் உனக்கு! இந்த மனசு யாருக்கும்மா வரும்?"

கண் கலங்கி நிற்கிற டீச்சரிடம், பாசம் இல்லை டீச்சர், அளவு என்று எந்தப் பிள்ளை சொல்லும்? அவள் தலையை ஆட்டினாள். முதியவர்களையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பாதையில் சேர்த்துவிட்டார்கள். கடைக்காரர் மகன் வணிகப் பாதைக்குப் போனான், தையல்காரர் மகள் தையலுக்குப் போனாள். வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் புத்தகமும் கையுமாகக் கிடந்த டாக்டர் மகள் அறிவியலுக்குப் போனாள். விருப்பம் எப்படித்தான் அப்பன் தொழிலைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்கிறதோ, அது அந்தத் திட்டத்துக்கே வெளிச்சம்.

வாரத்தில் பாதி நாள் முதியோர் இல்லத்தில் பழகவேண்டும். கணக்கு வகுப்பும் அதே நேரத்தில் வந்தது. கணக்கு வகுப்புக்குப் போகலாமா என்று ஒரே ஒரு முறை துணிந்து போய்க் கேட்டாள்.

"உனக்குப் பிடிச்சதைத்தானேம்மா குடுத்திருக்கோம்?" என்றாள் டீச்சர். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பள்ளி முடிந்ததும் நில அளவைப் படிப்புக்குப் போய் நின்றாள். அங்கிருந்தவர் அவள் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு எங்கம்மா?" என்றார். பராமரிப்பில் முதல் மதிப்பெண் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா? பாதை என்று பெயர் வைத்தவர்கள் திரும்பி வர ஒரு சந்துகூட விட்டுவைக்கவில்லை. பழகிய முதியோர் இல்லமே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த மழைக்காலத்தில் தம்பி போய்விட்டான். யாரைக் காட்டி அவளை அந்த வேலையில் தள்ளினார்களோ அவனே போய்ச்சேர்ந்தான், வேலை மட்டும் போகவில்லை.

சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அவளை இல்லத்துச் சீருடையோடு படம் எடுத்துப் போனார்கள். விரும்பியதையே தொழிலாக்கியவர் என்று கீழே எழுதிப் பள்ளித் தாழ்வாரத்தில் மாட்டினார்கள். படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னான், இவளும் சிரித்துத் தொலைத்தாள்.

கல்யாணம் ஆனது. கணவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பான். ஒரு மகள் பிறந்தாள். தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தையைப் பார்த்தே அவள் முடிவெடுத்துவிட்டாள், இவளை எவனும் எந்த வேலையையும் காட்டிப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. மகளை ஒரு துரும்பைக் கிள்ளிப் போட விடவில்லை. துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கினாள். அடுத்த வீட்டுப் பெண் ஊசிநூல் கற்றுக்கொடுக்க வந்தபோது, தையலுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயந்து ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள். மகள் சோறு வைத்துப் பழக்கிய பூனையை விரட்டி அடித்தாள். காய்ச்சலில் கிடந்த கணவனுக்கு மகள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனபோது பாய்ந்து வாங்கிக்கொண்டாள். "உனக்கு எதுக்குடி அது? போய் உக்காரு!"

"புள்ளையப் பொம்மையா வச்சிருக்கே" என்றான் கணவன். "மகாராணிக்குச் சோறு ஊட்ட ஆள் வேணுமா?" என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் பண்ணினார்கள். இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸ்கேலும் கவராயமும் உள்ள அளவுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மகள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேண்டாததையெல்லாம் வாசலிலேயே தடுத்தவள், வேண்டியது எந்த வழியாக வரும் என்று யோசிக்கவில்லை.

மகளுக்கும் அதே பள்ளி, அதே விருப்பப் பாதை. பேச வேண்டிய நாள் வந்தது. பேருந்துக்கு நிற்கும்போது சொல்லிக்கொடுத்தாள்.

"வீட்டுல என்ன பண்ணுவேன்னு கேட்டா, ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லு. என்ன பிடிக்கும்னு கேட்டா உனக்குப் பிடிச்சதைச் சொல்லு."

"எனக்கு என்னம்மா பிடிக்கும்?"

பேருந்து வந்துவிட்டது. ஏறினார்கள்.

வழிகாட்டி இப்போது ஓர் இளைஞர். இவரும் நல்லவர்தான். மகள் சொல்லிக்கொடுத்தபடியே, "வீட்டுல ஒண்ணும் பண்ண மாட்டேன் சார்" என்றாள். அம்மாவுக்கு மனசு குளிர்ந்தது. என்ன பிடிக்கும் என்று கேட்டார். யோசித்துச் சொல் என்றார். மகள் யோசித்தாள், யோசித்து அம்மாவைப் பார்த்தாள். அவரும் அம்மாவைப் பார்த்தார். சட்டென்று எழுந்து போய்த் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் படத்துல இருக்கிறது நீங்கதானே! வீட்டுலயே இப்படி ஒருத்தரை வச்சுக்கிட்டு வெளிய தேடுவாங்களா?"

"இல்ல சார். அவளுக்கு அதெல்லாம் வராது. யாருக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடுத்ததில்ல சார் அவ."

அவர் சிரித்தார். "எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்றாங்க. இவளுக்கு ரத்தத்துலயே இருக்கும். சும்மா ஒரு தொடக்கம்தானே, பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்."

"கணக்கு வகுப்பு இருக்குமா சார்?"

"நேரம் கொஞ்சம் இடிக்கும். அப்புறம் பாத்துக்கலாம். உனக்குச் சம்மதமாம்மா?"

"சரி சார்" என்றாள் மகள்.

தெருவுக்கு வந்ததும் அம்மா வெடித்தாள். "ஏண்டி சரின்னே? வேணாம்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"வேணாம்னா, வேற என்ன வேணும்னு கேப்பாரு. எதைச் சொல்றது?" மகள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்டாள். "எதையாவது தொட விட்டியாம்மா நீ?"

அம்மா பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

இல்லத்துக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மகள் வந்து நின்றாள். "மொத நாளே திட்டு வாங்க வேணாம்மா. எப்படிப் புரட்டுறதுன்னு காட்டு."

முடியாது என்று சொல்லத்தான் அம்மாவுக்கு வாய் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது? கட்டிலில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டாள். "முட்டியை மடக்கு. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. இழுக்காதே, உன் பக்கமா சாய விடு." மகளின் கை முதலில் தடுமாறியது. இரண்டாம் முறை தடுமாறவில்லை. உடம்பு தானாகப் புரண்டது. வலிக்கவில்லை, விரிப்பில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஊசியைக் கொடுத்திருந்தாலும் பூனையை விட்டுவைத்திருந்தாலும் இந்தக் கை அதையும் பிடித்துக்கொண்டிருக்கும் என்று அப்போதுதான் அம்மாவுக்கு உறைத்தது.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்கு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.