தேதி இல்லாதவன்

மோட்சம் நிச்சயம் என்று நம்புகிற ஒருத்திக்கு இவ்வளவு கோபம் எதற்கு? அவளைத் தெரிந்த எல்லோரும் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்.

பல் மருத்துவமனையின் பின்பக்கம், ஒரே ஜன்னல் உள்ள அறையில் அவள் பல்செட் செய்துவந்தாள். அச்சில் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கடைசியில் சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். டாக்டர் அவசரத்தில் அளவெடுத்திருந்தால், அந்த அச்சைக் கொண்டுபோய் அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வருவாள். இதைப் போட்டுக்கொண்டு சிரிக்கத்தான் முடியும், சாப்பிட முடியாது என்பாள். சாந்தமானவள் என்று அவளை யாரும் சொன்னதில்லை; செத்த பிறகும் சொல்லவில்லை.

அவளுடைய தம்பி பெயின்ட் அடிக்கிறவன். நுரையீரல் கெட்டுப்போய், அவள் வீட்டு முன்னறைக் கட்டிலில் கிடந்தான். இனிப் பிழைக்கமாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் அலட்டிக்கொள்ளவில்லை. முன்னால் போய் அக்காவுக்கும் ஓர் இடம் பார்த்து வைப்பதாகவும், அவள் வாய்க்குத் தனி அறையாகக் கேட்க வேண்டியிருக்கும் என்றும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர் அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையின் மூப்பர். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சலான விஷயம். அந்தச் சபையில் ஒவ்வொருவருக்கும், இயேசுவை ஏற்றுக்கொண்டு ரட்சிக்கப்பட்ட தேதி ஒன்று உண்டு. வருடக் கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்வார்கள். ஜெபிக்க வந்த மூப்பர் தம்பியிடமும் தேதி கேட்டார். நினைவு தெரிந்ததிலிருந்து இயேசுவை நம்பியவன் அவன். நம்பாமல் இருந்த ஒரு நாள் அவன் ஞாபகத்தில் இல்லை. தேதி தெரியாவிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்று சொல்லிவிட்டு, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு மூப்பர் கிளம்பினார்.

அன்றிலிருந்து அவன் யோசித்தான். சோறு இறங்கவில்லை. கண்ணை மூடப் பயந்தான். காலையில் ஒரு தேதியைச் சொல்வான். சாயங்காலம், அதுவும் பொய்யாக இருக்குமோ என்று அழுவான்.

அவள் மூப்பருடைய துணிக்கடைக்கே போனாள்.

"சாகக் கெடக்கிறவனுக்குப் பரீட்சை வைக்கிறீங்களே, உங்களை யாரு வாத்தியாரா போட்டது?"

"சந்தேகத்தோட போயிடக் கூடாதேன்னுதாம்மா கேட்டேன்."

"அந்தச் சந்தேகத்தை எங்க வீட்டுல வச்சிட்டு வந்ததே நீங்கதானே."

அதற்குமேல் அவள் பேசியதைக் கேட்டு, துணி எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து, சிரிப்பான் என்று நினைத்து அதையெல்லாம் தம்பியிடம் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உனக்குத் தேதி இருக்குக்கா. நீ பேசுவ."

அது உண்மை. அவளுடைய தேதி சபை முழுவதற்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் முதல் ஆளாக எழுந்து சொல்கிறவள் அவள்தான். கையிலிருந்த தம்ளரை ஓசைப்பட ஸ்டூலில் வைத்தாள்.

"மூப்பரு கேட்டாருன்னு இவ்ளோ பயப்படுறியே, உனக்காக உயிரைக் குடுத்தவரு சொன்னதை நம்பமாட்டியா? நீ அவரைப் புடிச்ச நாள் தெரியலைன்னா போகுது. அவரு உன்னைப் புடிச்சிருக்காரு. விட்டுட்டாருன்னு யாருடா சொன்னது?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அவரு விட்டாலும் நீ அவரைச் சும்மா விடமாட்ட போலிருக்கே" என்றான். சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்ற பிறகும் சிரித்தான். அப்புறம் சோறு கேட்டான்.

நிச்சயம் என்பது பிடிவாதத்தின் இன்னொரு பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. அவனிடம் வந்தது அது இல்லை. பிடிவாதக்காரர்களுக்கு அவ்வளவு சுலபமாகச் சிரிப்பு வராது. பார்க்க வந்தவர்களிடம், "எனக்குத் தேதி தெரியாது, ஆளைத் தெரியும்" என்று அவனே முந்திக்கொண்டு சொன்னான். அந்தச் சந்தோஷம் குறையாமலே, ஒரு காலையில் அவள் சட்டை மாற்றிவிடும்போது போய்விட்டான்.

அந்த வருடக் கடைசிக் கூட்டத்தில் மூப்பர் வழக்கம்போல அவளைத்தான் முதலில் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். தான் இயேசுவுடையவள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருடமும் அப்படித்தான். மூப்பர் ஒருமுறை வருத்தத்தோடு காரணம் கேட்டார். சாகும்வரை அந்தத் தேதியை அவள் மறுபடி சொல்லவே இல்லை.