கை எங்கே தொடங்குகிறது

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்குக் கிறிஸ்டினாவின் கையிலிருந்து ஒரு மின்விசிறி மூடி நழுவித் தரையில் விழுந்தது. ஒன்பது வருஷ வேலையில் அவள் கீழே போட்ட முதல் சாமான் அதுதான். சத்தம் கேட்டுக் கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இன்னா கிறிஸ்டி, கோயில் மணி அடிக்கிறியா?" என்றாள் பக்கத்தில் நின்ற சரசு.

கிறிஸ்டினா சிரித்துக்கொண்டே குனிந்து மூடியை எடுத்தாள். எடுக்கும்போதுதான் தெரிந்தது, மோதிர விரலும் சுண்டு விரலும் தன்னுடையவை மாதிரியே இல்லை என்று.

அது திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஏகநாதன் என்பவர் நடத்தும் பவுடர் கோட்டிங் பட்டறை. இரும்புச் சாமான்களைக் கழுவி, வண்ணப் பொடி தூவி, பெரிய அடுப்புக்குள் அனுப்பிச் சுட்டு எடுப்பார்கள். தலைக்கு மேலே ஒரு சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் தொங்கும் கொக்கிகளில் சாமான்களை ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். கொக்கியின் உயரம் தரையிலிருந்து ஐந்தடி பத்து அங்குலம். கிறிஸ்டினாவின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நூறு தடவை அவள் கைகள் தலைக்கு மேலே போய் வந்தன.

மாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எந்தச் சாமானை எந்தக் கோணத்தில் தொங்கவிட்டால் அடுப்பின் வாயில் இடிக்காமல் நுழையும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் தலையசைத்த பிறகுதான் சூப்பர்வைசர் ஜெயவேலு சங்கிலியின் வேகத்தைக் கூட்டுவார். அந்தத் தலையசைப்பை அவள் ஒன்பது வருஷம் நின்று சம்பாதித்திருந்தாள்.

மார்ச்சில் கை மரத்துப்போவது தினசரி ஆயிற்று. தலை பின்னக் கையைத் தூக்கினால் பாதிப் பின்னலில் கை கனத்துக் கீழே இறங்கியது. துணி உலர்த்தும்போது விரல்கள் வெளுத்தன. அனகாபுத்தூரில் அவர்கள் போகும் சபையில் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கைகளை உயர்த்திப் பாடினார்கள். இரண்டாவது பாட்டில் அவளுடைய வலது கை நடுங்கித் தொப்பென்று விழுந்தது. பக்கத்து வரிசைப் பெண் அதைப் பரிசுத்த ஆவி இறங்கிய அபிஷேகம் என்று நினைத்து அவள் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நகரவும் முடில, சிரிக்கவும் முடில" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"அப்ப எனக்காகவும் ரெண்டு வார்த்த ஜெபிச்சிருக்கலாமில்ல?" என்றான் கணவன் பென்னி. அவன் பல்லாவரத்துக்கும் குன்றத்தூருக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். வாய் சும்மா இருக்காது. ஆனால் மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவன்தான்.

பம்மலில் பார்த்த எலும்பு டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். குன்றத்தூரில் ஒருவர் கழுத்துக்குப் பட்டை மாட்டினார். தாம்பரத்தில் எடுத்த ஸ்கேன், முப்பத்தாறு வயதுக்கு ஏற்ற தேய்மானம் என்றது. ஒவ்வொரு டாக்டரிடமும் அவள் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: "கை மரத்துப் போவுது டாக்டர்." அவர்கள் அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, மணிக்கட்டை அமுக்கி, ஆங்கிலத்தில் 'ஹேண்ட்' என்று எழுதிக்கொண்டார்கள். அடுத்த டாக்டர் முந்தைய சீட்டைப் பார்த்துத் தானும் அதையே எழுதினார். ஜூனில் ஒரு தனியார் கிளினிக்கில் நரம்புச் சோதனை நடந்தது. மணிக்கட்டில் நரம்பு லேசாக நெருக்கப்படுகிறது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார்கள். ஜூலை 11, வியாழக்கிழமை என்று தேதி குறித்தார்கள்.

இதற்குள் பட்டறையில் சாமான்கள் ஏழு முறை விழுந்திருந்தன. ஏகநாதன் அவளை அறைக்குள் கூப்பிட்டார். அந்தப் பட்டறை நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் அவருடைய அப்பா நெல் பயிரிட்டார். மகன் கொட்டகை போட்டு மெஷின் இறக்கினார். கோபப்படாத மனிதர், ஆனால் சொன்ன சொல்லை மாற்றாதவர்.

"அஞ்சு மாசமா கை வலின்னு சொல்றே. என்ன வியாதின்னு கேட்டா தெரியலைன்றே. ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாம்மா. இல்லைன்னா ஆகஸ்ட்லேர்ந்து பேக்கிங்ல உக்காந்துக்கோ."

பேக்கிங் என்றால் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் தாள் சுற்றுவது. நேற்று வந்தவரும் செய்யலாம். கிறிஸ்டினா வெளியே வந்தாள்.

"நடிக்கிறேன்னு நெனிக்கிறாரா?" என்றாள் சரசுவிடம்.

"பேரில்லாத நோவு வந்தா அப்பிடித்தான். நீ சக்கரைன்னு சொல்லிப்பாரு, உடனே எல்லாரும் சரின்னுடுவாங்க."

ஜூலை 8, திங்கட்கிழமை மாலை, ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட கிறிஸ்டினா கிளினிக்குக்குப் போனாள். அதுவரை அவளிடம் கொடுத்த காகிதம் எல்லாம் ஆங்கிலம். சம்மதப் படிவம் மட்டும் தமிழில் அச்சிட்டிருந்தது. அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவள் இல்லை. மூன்றாவது வரியில் நின்றாள். 'வலது மணிக்கட்டில்' என்றிருந்தது.

"சிஸ்டர், இதுல மணிக்கட்டுன்னு போட்டுக்கீதே?"

"ஆமா. அங்கதானே ஆபரேஷன்?"

"எனக்கு மணிக்கட்டுல ஒண்ணும் இல்லியே. கைலதான்."

"கைன்னா இதுதானேம்மா?" நர்ஸ் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள்.

கிறிஸ்டினா இடது கையால் தன் வலது தோளைத் தொட்டாள். அக்குளுக்குக் கீழே தொட்டாள். முழங்கையைத் தொட்டாள். "இதுவும் கைதான் சிஸ்டர், இதுவும் கைதான். நோவு இங்கேர்ந்து வருது. கீழ போயி வெரல்ல முடியுது. நான் கைன்னு சொன்னா நீங்க நுனிய மட்டும் எடுத்துக்கினீங்களா?"

நர்ஸுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. "டாக்டருக்குத் தெரியாதா? கையெழுத்து போடுங்க, டைம் ஆகுது."

"டாக்டருக்குத் தெரியும். நான் சொன்னதுதான் சரியா போய்ச் சேரல" என்று சொல்லிப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் எழுந்தாள்.

வாசலில் ஆட்டோவில் காத்திருந்த பென்னிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா, பயந்துட்டியா?"

"பயம்லாம் இல்ல. தப்பான எடத்துல அறுக்கப் பாத்தாங்க. வண்டிய எடு."

மறுநாள் அவள் செய்ததுதான் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டது. பட்டறையில் ஒரு சாமானில் வண்ணம் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் வட்டமிட்டு, 'ரீ-ஒர்க்' என்று எழுதி, தேய்த்துச் சரிசெய்ய அடுத்த ஆளுக்கு அனுப்புவது வழக்கம். வாயால் சொன்னால் அடுத்த ஆள் வேறு இடத்தைத் தேய்ப்பான். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கை மரத்தது. அவள் கையை இறக்காமல் கொக்கியின் உயரத்திலேயே வைத்து நின்று, "சரசு, மார்க்கர எடு" என்றாள். மரத்த இடங்களை அவள் சொல்லச் சொல்லச் சரசு கையில் கோடு போட்டாள். அக்குளுக்குக் கீழே தொடங்கி, கையின் உட்புறமாக முழங்கையைத் தாண்டி, சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் கோடு முடிந்தது. கட்டை விரல் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை.

"ரிஜெக்ட்டுன்னு எழுதட்டா?" என்றாள் சரசு.

"ரீ-ஒர்க்னு எழுது."

புதன்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு அவளும் பென்னியும் பல்லாவரத்தில் ரயில் ஏறிச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கோடு அழியாமலிருக்க அவள் அந்தக் கையைக் குளிக்கும்போது நனைக்கவில்லை. வரிசையில் நின்று பதினொன்றே காலுக்கு டாக்டர் கோகிலவாணியின் முன்னால் உட்கார்ந்தாள். கை என்ற சொல்லை அவள் உச்சரிக்கவே இல்லை. சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கோட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "யார் போட்டது?"

"மரத்துகினு இருக்கும்போதே போட்டது டாக்டர். கீழ எறக்கினா கொஞ்ச நேரத்துல போயிடும், அப்பறம் கேட்டா எனக்கே சரியா சொல்லத் தெரியாது."

"இதுக்கு முன்னாடி எடுத்த டெஸ்ட்ல எல்லாம் கையை எப்படி வெச்சிருந்தீங்க?"

"படுக்க வெச்சு, பக்கத்துல நீட்டி."

டாக்டர் எழுந்து வந்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையை மடக்கி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். மூன்று நிமிஷம் செய்ய வேண்டும். ஒரு நிமிஷம் பத்து விநாடியில் வலது கை வெளுத்துக் கீழே விழுந்தது. இடது கை கடைசிவரை நின்றது. பிறகு மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே அவள் கையைத் தூக்கினார். தூக்கத் தூக்க நாடி மங்கி, ஓர் இடத்தில் காணாமலே போயிற்று.

அன்றே கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வலப்பக்கம், முதல் விலா எலும்புக்கு மேலே, இருக்கக் கூடாத ஒரு குட்டி விலா எலும்பு இருந்தது. பிறவியிலேயே இருந்திருக்கிறது.

"கழுத்திலிருந்து கைக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் காலர் எலும்புக்கும் விலா எலும்புக்கும் நடுவுல ஒரு சந்து வழியாப் போகுது. உங்களுக்கு அந்தச் சந்துல எக்ஸ்ட்ரா எலும்பு ஒண்ணு. நீங்க கையைத் தூக்கினா அது இன்னும் குறுகிடுது" என்றார் டாக்டர். "தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்னு பேரு."

அடுப்பின் வாயில் இடிக்கும் சாமான் என்று கிறிஸ்டினா புரிந்துகொண்டாள். அந்தப் பெயரை மூன்று முறை திருப்பிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தாள்.

திரும்பும் ரயிலில் பரங்கிமலை தாண்டியதும் பென்னி சொன்னான்: "ஆதாம்கிட்டேர்ந்து ஒரு விலா எலும்ப எடுத்தாங்க இல்ல? அது எங்க போச்சுன்னு இப்பதான் தெரியுது."

அவள் பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்னும் இரண்டு சோதனைகள் முடிந்து, ஜூலை 24 அன்று கடிதம் கிடைத்தது. பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி. தோளில் பை மாட்டக் கூடாது. தலைக்கு மேலே கை வைத்துத் தூங்கக் கூடாது. குணமாகாவிட்டால் மட்டும் ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம். கடைசி வரி: தோளுக்கு மேலே கையை உயர்த்திச் செய்யும் வேலை கூடாது.

ஏகநாதன் கடிதத்தை நிதானமாகப் படித்தார். "நிஜமாவே வியாதிதான். நான் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சுக்கோ. ஆனா இதுலயே எழுதியிருக்கேம்மா, கையைத் தூக்கக் கூடாதுன்னு. லைன்ல வேற என்ன வேலை இருக்கு?"

ஐந்து மாதம் தேடி வாங்கிய பெயரே அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பப் பார்த்தது. ஆனால் அவள் இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். "தோளுக்கு மேலதான் சார் தூக்கக் கூடாது. தரையிலேர்ந்து என் தோளு நாலடி ரெண்டங்குலம். கொக்கி அஞ்சடி பத்து. இருவது அங்குலம் ஒசரத்துல நின்னேன்னா கொக்கி என் தோளுக்கு நேரா வந்துடும். சரசு கீழேர்ந்து எடுத்துக் குடுக்கட்டும்."

ஜெயவேலு குறுக்கே வந்தார். "குள்ளமா கீறேன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போயேன். இதுக்கு எதுக்கு அவ்ளோ பெரிய இங்கிலீஷ் பேரு?"

"நீங்க ஒசரமா இருந்து இன்னாண்ணா பண்ணீங்க? ஒம்பது வருசமா அந்தக் கொக்கிய எறக்கத் தோணல."

ஏகநாதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒரு நாள் பார்க்கலாம். சரிவரலைன்னா பேக்கிங்" என்றார்.

பக்கத்துப் பட்டறையில் இருபது அங்குல உயரத்தில், மூன்று பக்கம் கைப்பிடி வைத்து ஓர் இரும்பு மேடை அடித்தார்கள். ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, எட்டரை மணிக்குக் கிறிஸ்டினா அதில் ஏறினாள். முதல் பத்து நிமிஷம் தாளம் தப்பியது. சரசு கொடுக்கும் வேகமும் இவள் வாங்கும் வேகமும் ஒட்டவில்லை.

"நான் இன்னா சோறா பரிமாறுறேன்? மெதுவா வாங்குறே!"

"நீ ஒழுங்கா புடிக்கிற பக்கத்த குடு."

ஒன்பது மணிக்குத் தாளம் சேர்ந்தது. ஒன்பதே காலுக்கு அவள் தலையசைத்தாள். ஜெயவேலு சங்கிலியின் வேகத்தைக் கூட்டினார். மணிக்கொரு முறை ஐந்து நிமிஷம் இறங்கி, டாக்டர் சொன்னபடி தோள்களைப் பின்னால் தள்ளி மூச்சை இழுத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குச் சங்கிலி நின்றபோது ஐந்நூற்று முப்பத்தெட்டு. பழைய அரைநாள் கணக்குக்குப் பன்னிரண்டுதான் குறைவு. சுண்டு விரலில் கொஞ்சம் எறும்பு ஊர்ந்தது, அவ்வளவுதான்.

ஏகநாதன் எண்ணிக்கையைப் பார்த்தார். மேடையைக் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். "இங்கேயே இரு" என்றார்.

"சார், சாமான் எறக்குற பக்கத்துல சாமுண்டீஸ்வரியும் ரெண்டு மாசமா தோள நீவிகினு நிக்குது. கேட்டா கை வலின்னுது. கைல எந்த எடம்னு நான் கோடு போட்டுப் பாத்துட்டேன். அதுக்கும் ஒரு மேடை வேணும். டாக்டர்கிட்டயும் போவணும்."

"முதல்ல இதுக்குப் பெயிண்ட் அடிங்க, துரு பிடிச்சிடப் போகுது."

"பெயிண்டுக்கா சார் இங்க பஞ்சம்?"

ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, அன்றைய முதல் கொக்கியில் கிறிஸ்டினா மாட்டி அனுப்பியது இரண்டாவது மேடையின் கைப்பிடிக் குழாய். மஞ்சள் நிறம்.