தூணுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் என் மச்சான்

நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தவன். கோலார் தங்கவயலில் என் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினார்; நான் லாரிமேல் ஏறினேன். பதினெட்டு வயதில் ஸ்டேரிங்கைப் பிடித்தவன், இருபத்து நாலு வருஷம் பத்துச் சக்கர லாரி ஓட்டினேன். ஒரு நாய்கூட என் சக்கரத்தில் விழுந்ததில்லை. அல்சூர் சந்துகளில் இரண்டு பக்கமும் ஆட்டோ நிற்க, பீடியை வாயிலிருந்து எடுக்காமல் லாரியைப் பின்னால் எடுத்திருக்கிறேன். இன்று மர்பி டவுனில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. என் பேரில் இரண்டு டிரெய்லர் ஓடுகிறது. எதையும் யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் எழுதப்போவது நாற்பத்திரண்டு வயதில் நான் அடி வாங்கிய கதை.

லாரி ஒரே உடம்பு. டிரெய்லர் இரண்டு உடம்பு, நடுவில் ஒரு இரும்பு முளை. லாரியின் பின்பக்கம் இடது போக வேண்டுமென்றால் ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும். டிரெய்லருக்கு வலது பக்கம் ஒடிக்க வேண்டும். எழுதினால் ஒரு வரி. ஆனால் இருபத்து நாலு வருஷ லாரிப் பழக்கம் என் கைக்குள் உட்கார்ந்திருந்தது. அது தலை சொல்வதைக் கேட்கவில்லை.

கற்றுக்கொடுத்தவன் என் மச்சான், என் மனைவியின் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஹொசகோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கிடங்கில் டிரெய்லர் ஓட்டினான். அவன் சிபாரிசில்தான் கிடங்கு முதலாளி எனக்குப் பதினைந்து நாள் கொடுத்தார். பதினாறாம் நாள் காலை, நாற்பதடி கன்டெய்னரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்துச் சரக்கு மேடையில் ஒட்ட வேண்டும். முடியாவிட்டால் அந்த சீட் வேறொருவனுக்கு. நான் லாரி வேலையை விட்டாகிவிட்டது. மர்பி டவுன் முழுக்க டிரெய்லர் டிரைவர் என்று சொல்லியும் ஆகிவிட்டது.

மச்சான் பக்கத்து சீட்டில், டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டையோடு உட்காருவான்.

"மாமா, வலது பக்கம் ஒடிங்க."

என் கை இடது பக்கம் போகும். கட்டை மணிக்கட்டில் இறங்கும்.

"தப்பு மாமா. திரும்ப எடுங்க."

அந்தப் பதினைந்து நாளில் ஒரு தடவைகூட அவன் என்னை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. அடித்தது மட்டும் மாட்டை அடிக்கிற மாதிரி. மணிக்கட்டு வீங்கி, சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன்.

"இன்னாங்க கை இது?" என்று மனைவி கேட்டாள்.

"உன் தம்பி வாத்தியாராயிட்டான்" என்றேன்.

"அடிச்சாத்தான் உங்களுக்கு ஏறும்னு நான்தான் சொன்னேன்" என்று அவள் மஞ்சள் குழைத்துப் பற்றுப் போட்டாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் ஒரே இடத்தில் மூன்றாவது அடி விழுந்தது. எலும்பில் தெறித்த வலி தோள் வரை போனது. வண்டியை நிறுத்தினேன். இறங்கி, சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். என் கையைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு குத்துதான். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. விழுந்தவனை விலாவில் இரண்டு உதை உதைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்களும் லோடு ஆட்களும் டிபன் பாக்ஸோடு எழுந்து பார்த்தார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "முடிஞ்சுதா மாமா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, ஏறுங்க" என்றான்.

நான் ஏறவில்லை.

எங்கள் கிடங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சண்டை போட்ட இரண்டு பேரில் ஒருவன் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மற்றவன் பின்னால் நின்று வழி காட்டக் கூடாது. முதலில் இரண்டு பேரும் ஒரு டீயைப் பாதிப் பாதி குடித்துச் சமாதானம் ஆக வேண்டும். இல்லாவிட்டால், ஏதாவது நடந்தால் விபத்து என்று யாரும் நம்ப மாட்டார்கள். அன்று சாயந்திரம் மச்சான் வீங்கிய உதட்டோடு பாதி டீ குடித்துவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினான். டீக்கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிளாஸை வாங்கித் தரையில் ஊற்றினேன்.

மறுநாள் காலை முதலாளி மேடைமேல் வந்து நின்றார். என் வண்டிக்குப் பின்னால் நிற்க ஒரு ஆளும் வரவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. மச்சான் நடந்து வந்தான்.

"நேத்து டீய கீழ ஊத்துனவன்பா. போவாத" என்று ஒரு டிரைவர் தடுத்தான்.

"எங்க அக்கா வூட்டுக்காரரு. நான் நிக்காம யாரு நிப்பா?" என்று சொல்லிவிட்டு, மேடை ஓரத்தில் கூரையைத் தாங்கும் சிமென்ட் தூண் பக்கத்தில், என் வலது கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றான்.

பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் டிரெய்லரின் வால் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தது. "மாமா, வலது ஒடிங்க! வலது!" என்று கத்தினான். அந்தக் குரல் கேட்டதும் அடுத்து கட்டை விழப்போகிறது என்று என் உடம்பு சுருங்கியது. கை பழைய லாரிக்கு ஓடியது. இடது பக்கம் ஒடித்தேன். வால் பாம்பு மாதிரி அவன் பக்கம் திரும்பியது. அவன் விலகினான், கை மட்டும் விலகவில்லை. தூணுக்கும் இரும்புக்கும் நடுவில் எலும்பு உடையும் சத்தம் எஞ்சின் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது.

பிரேக்கை மிதித்தேன். முன்னால் எடுப்பதற்குள் கதவைத் திறந்து என்னைக் கீழே இழுத்துவிட்டார்கள். "கொல்லப் பாத்துட்டான்டா!" முதல் அடி காதில். ஒருவன் செருப்பால் அடித்தான், இன்னொருவன் ஜாக்கி கம்பியால் முதுகில் போட்டான். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. ஏழு பேர் இருக்கும். ஏழு பேர் அடித்தும் நான் முட்டி போடவில்லை, இதை அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் மச்சான் கை சிக்கித் தூணோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான்.

"டேய் பேமானிங்களா! அவர அப்பறமா அடிங்கடா! வண்டிய முன்னால எடுக்க வுடுங்கடா மொதல்ல!"

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. என்னைத் தூக்கி மறுபடி சீட்டில் எறிந்தார்கள். ஒரு முழம் முன்னால் எடுத்தேன். அவன் கை முழங்கைக்குக் கீழே தனியாகத் தொங்கியது.

முதலாளி இறங்கி வந்தார். கன்னடக்காரர், எங்களோடு கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். என்னைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனப்பா, இவனுக்கு ரிவர்ஸ் பரல்வா, வராதா, இல்ல வேணும்னே பண்ணானா? நிஜ ஹேளு, உண்மையச் சொல்லு. கோவக்காரனுக்கு நான் வண்டி கொடுப்பேன். ரிவர்ஸ் தெரியாதவனுக்குக் கொடுக்க மாட்டேன்."

மச்சான் என்னைப் பார்த்தான். உதட்டில் நான் கிழித்த காயம் மறுபடி திறந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"வேணும்னேதான் சார். குடும்பத் தகராறு. நான் அவர ரொம்ப அடிச்சுட்டேன். ரிவர்ஸ் நல்லா வரும் அவருக்கு. இப்ப எடுப்பாரு பாருங்க."

ஒரு துண்டால் கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு அதே தூண் பக்கத்தில் போய் நின்றான். யாரோ ஆஸ்பத்திரிக்கு இழுத்தார்கள், போகவில்லை. இந்த முறை அவன் கத்தவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. ஒரு கண்ணில் ரத்தம், மற்றொரு கண்ணால் கண்ணாடியில் அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். வால் சாய்ந்தது. என் கை வலது பக்கம் போனது. நான் அனுப்பவில்லை, அதுவாகவே போனது. மேடையின் ரப்பரில் டிரெய்லர் மெல்ல முட்டியது. ஒரு சாண்கூட விலகவில்லை.

சீட் எனக்குக் கிடைத்தது. அந்த சீட்டிலிருந்துதான் வீடும் இரண்டு டிரெய்லரும் வந்தன. ஹொசகோட்டைப் பக்கம் என்னை ரிவர்ஸில் ஜெயிக்க இன்றும் ஆள் கிடையாது. மச்சானின் கை மட்டும் நேராகவில்லை. டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டு, இப்போது என் வண்டிகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் அவன் கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி என்னை வராண்டாவுக்கு இழுத்தாள்.

"உண்மையச் சொல்லுங்க. வேணும்னேவா பண்ணீங்க?"

கை தவறியது என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அன்று விழுந்த அடிகளிலேயே அதுதான் வலித்தது. ஒரு வருஷம் எனக்குத் தட்டு வைத்தாளே தவிர, முகம் பார்க்கவில்லை. கொலைகாரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஓட்டத் தெரியாதவன் என்று நினைக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். மச்சானும் அக்காவிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியும், என்னைவிட நன்றாக. அதனால் இங்கே எழுதுகிறேன். கை தவறித்தான் போனது. அன்றைக்கு எனக்கு ரிவர்ஸ் தெரியாது.